பரணில் கிடந்த கம்ப்யூட்டர்: சேலம், ஏற்காடு பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளையடிக்க வீட்டை ஒதுக்கும்போதுதான் இவையெல்லாம் கீழே இறங்கும். செவ்வாய்ப்பேட்டை வீட்டுப் பரண், அஸ்தம்பட்டியில் மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் பின்கட்டு, ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸ் அலமாரி என்று எங்கிருந்தோ வரும். கொண்டு வருகிறவர்கள் கேட்பது மட்டும் பெரும்பாலும் ஒரே கேள்விகள். 1980 முதல் 1995 வரை வந்த மெஷின்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிந்தைய பிசிக்கும் பாதி பொருந்தும்.

அப்பா வாங்கின கம்ப்யூட்டர் பரண்ல கிடைச்சுதுங்க. ப்ளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு பதிலைப் படித்துவிடுங்கள். முப்பது வருஷம் சும்மா கிடந்தும் சாகாத மெஷின், "ஓடுதான்னு பார்ப்போம்" என்று ஸ்விட்சைத் தட்டும் அந்த ஒரு நிமிஷத்தில் செத்துப்போகும். கொல்லுவது பவர் சப்ளை.

உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். கரண்ட்டே பார்க்காமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தப் படலம் பலவீனமாகிவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் கரண்ட் கசிந்து, சூடேறி, தலை வெடிக்கும். அது போனால்கூடப் பரவாயில்லை, புதுசு போட்டுக்கொள்ளலாம். ரெகுலேட்டர் ஷார்ட் ஆகி, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 9 வோல்ட் போனால்தான் உண்மையான நஷ்டம். அந்தக் காலத்து டிடிஎல் வகை ஐசிக்களுக்கு (சிப்களுக்கு) 7 வோல்ட்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் எது போகும், எது தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே முதலில் மூடியைக் கழற்றி மோந்து பாருங்கள். மீன் கவிச்சி அடித்தால் ஏதோ ஒரு கெபாசிட்டர் ஒழுகியிருக்கிறது. அடுத்து டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். நம் ஊரில் பல்லியும் எறும்பும் கரப்பானும் இல்லாத பவர் சப்ளை அபூர்வம். எண்பதுகளில் பள்ளிக்கூடங்களுக்கு வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் ஒன்றின் பவர் சப்ளை டப்பாவைத் திறந்தபோது, பல்லி ஒன்று முன்கால் ஒரு ட்ராக்கிலும் (போர்டில் கரண்ட் ஓடும் செம்புக் கோடு) வால் இன்னொரு ட்ராக்கிலுமாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எலும்பும் தோலும்தான் மிச்சம். அதன் வயிற்றுக்கு அடியில் போர்டு கருகிக் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. இரண்டு முட்டைகள் மட்டும் டிரான்ஸ்பார்மர் ஓரத்தில் உடையாமல் இருந்தன.

சுத்தம் செய்த பிறகு, பவர் சப்ளையை மதர்போர்டிலிருந்து பிரித்துத் தனியாகச் சோதிக்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மோட்டார் காயில் கட்டும் கடைகளில் இருக்குமே, பல்பு வழியாகவே கரண்ட் போகும்படி கட்டின அந்த சீரிஸ் லேம்ப் போர்டு போதும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, எல்இடி கூடாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம். முழு வெளிச்சத்திலேயே நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) வகையாக இருந்தால் லோடு இல்லாமல் ஓடாது, அவுட்புட்டில் பழைய பைக் பல்பு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரில் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் காட்டினால்தான் மதர்போர்டு பக்கம் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெபாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் நிற்கும், ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் நிற்கும். சீரிஸ் பல்பு உங்களை ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. பழக்கமில்லாதவர்கள் ஒரு டிவி மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொள்வது நல்லது.

சேலத்துப் பக்கம் என்னென்ன மெஷின் கிடைக்கும்?

நாலைந்து வகைதான். மத்திய அரசு 1984-85ல் பள்ளிக்கூடங்களுக்காகத் தொடங்கிய கிளாஸ் (CLASS) என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் வந்தது பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தில் ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்டது. 32 கேபி ரேம், 6502 ப்ராசசர். பள்ளிகள் ஸ்கிராப் ஏலத்தில் விட்டவை இன்றும் பழைய இரும்புக் கடை வழியாக வருகின்றன. அடுத்தது 1982ல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம். இந்தியாவிலேயே டிபி ஸ்பெக்ட்ரம் என்ற பேரில் விற்றதும் உண்டு. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் கொண்டு வந்தது எம்எஸ்எக்ஸ். கீபோர்டில் அரபி எழுத்து இருந்தால் அநேகமாக சக்ர் பிராண்டு. அமெரிக்காவிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டு வந்தது கமடோர் 64. மீதியெல்லாம் ஆபீஸ்களில் ஓடின எக்ஸ்டி, ஏடி, 386 பிசிக்கள்.

தொண்ணூறுகளில் வந்த கீபோர்டு வைத்த டிவி கேமையும் கொண்டு வருகிறார்கள். அதில் சிப்பே தெரியாது, கருப்புப் பசை சொட்டு ஒன்றுதான் இருக்கும். அந்தச் சொட்டுக்குள் கோளாறு என்றால் ஒன்றும் செய்ய முடியாது. வயர் அறுந்திருந்தாலோ ஸ்விட்ச் போயிருந்தாலோ பார்க்கலாம்.

இதெல்லாம் எத்தனை வருஷத்துக்குத்தான் உழைக்கும்?

மெஷினுக்கு என்று தனியாக ஆயுள் கிடையாது. பாகத்துக்குப் பாகம் வேறுபடும். ப்ராசசரும் சாதாரண லாஜிக் ஐசியும் ஒழுங்கான கரண்ட் கிடைத்தால் நம்மையே வழியனுப்பிவிடும். நாற்பது வருஷத்து 6502 இன்றும் ஜோராக ஓடுகிறது. சாவது சுற்றி இருப்பவை: கெபாசிட்டர், பேட்டரி, சாக்கெட், ரப்பர் பெல்ட், கீபோர்டு மெம்பிரேன் (கீக்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்). இவற்றில் எதையும் நூறு ஆண்டு இருக்க வேண்டும் என்று யாரும் செய்யவில்லை.

கெபாசிட்டரின் கணக்கைப் பாருங்கள். உடம்பில் 85 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சூட்டில் 2,000 மணி நேரம் தாங்கும் ரகம் என்று வைத்துக்கொள்வோம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும், இது எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. 65 டிகிரியில் 8,000 மணி நேரம். 45 டிகிரியில் 32,000. தினம் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு முதல் கணக்குப்படி 11 வருஷம் வரும், இரண்டாவதுபடி 43 வருஷம் தாண்டும். சித்திரை மாதத்துச் சேலம் வீட்டில் அறையே 40 டிகிரி, பெட்டிக்குள் இன்னும் இருபது இருபத்தைந்து கூடும். ஏற்காட்டில் அதே பெட்டிக்குள் 45ஐத் தாண்டாது. ஒரே மெஷின், மலை ஏறினதற்கே இவ்வளவு வித்தியாசம்.

இது ஓடுகிற நேரத்துக்கான கணக்கு மட்டும். அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு ஓடினாலும் ஓடாவிட்டாலும் காயும்.

அப்படின்னா ஏற்காட்டுலயே வச்சிருந்தா நல்லதா?

அப்படியும் சொல்ல முடியாது. ஏற்காடு கெபாசிட்டருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நல்லது, உலோகத்துக்கு எமன். 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாகவே வீட்டுக்குள் வரும். எஸ்டேட் பங்களாக்களில் இருந்து வரும் மெஷின்களில் கேஸ் ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருக்கும், ஐசி சாக்கெட்டில் பச்சை படிந்திருக்கும், ஃப்ளாப்பியில் பூஞ்சை பூத்திருக்கும்.

இதில் சேலத்துக்காரர்களுக்கு உடனே புரிகிற ஒரு விஷயம் உண்டு. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வந்த சில ஐசிக்களின் காலுக்கு வெள்ளிப் பூச்சு போட்டிருப்பார்கள். கொலுசு போட்டு வைத்த பெட்டியைப் பல வருஷம் கழித்துத் திறந்தால் கறுத்திருக்குமே, அதே கறுப்புதான் இந்தக் கால்களிலும் ஏறும். காற்றிலிருக்கும் கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து சில்வர் சல்பைடு ஆகிறது. கறுத்த காலைச் சாக்கெட்டிலிருந்து அசைத்து இழுத்தால் சில சமயம் கால் சாக்கெட்டிலேயே தங்கிவிடும். கொலுசுக்குப் போடும் பாலிஷ் திரவத்தை மட்டும் இதில் தடவ வேண்டாம். மெல்ல, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெம்பி எடுத்து, ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) தொட்ட பிரஷ்ஷால் துடைத்தால் போதும்.

சேலத்துப் பரணில் கிடந்ததற்கு நோய் வேறு. கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே சாயங்காலம் வரை சூடு இறங்காது. மெம்பிரேன் அப்பளமாக நொறுங்கும், டிரைவ் பெல்ட் இளகித் தாராகும், கெபாசிட்டர் காயும். ஆனால் சாக்கெட்டும் ட்ராக்கும் பளபளவென்று இருக்கும்.

என்னைக் கேட்டால் சேலத்து மெஷினையே தேர்ந்தெடுப்பேன். காய்ந்த கெபாசிட்டரை மாற்ற அரை நாள் போதும். அரித்துப்போன ட்ராக்கை ஒவ்வொன்றாக வயர் போட்டு ஒட்டுவது வேறு கதை.

மலையிலிருந்து கொண்டு வருகிறவர்களுக்கு இன்னொன்று. இருபது ஹேர்பின் வளைவும் இறங்கி முடிப்பதற்குள் வெளிக்காற்று சூடாகிவிடும், மெஷினின் உள்ளே மட்டும் குளிர் அப்படியே இருக்கும். உள்ளே ஈரம் கோக்கும். வந்ததும் வராததுமாகத் திறக்காமல் ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு பாருங்கள்.

மதர்போர்டுல ஒரு மூலையில பச்சையா, நீலமா பொடி பூத்திருக்கு. என்னது?

பேட்டரி ஒழுகினது. 286, 386 போர்டுகளில் கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று, பெரும்பாலும் நீல உறையில், நேராக சால்டர் செய்திருக்கும். தேதியும் நேரமும் மறக்காமல் இருக்க வைத்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் வாய் திறந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கக்கும். அது செம்பு ட்ராக் வழியாக ஊர்ந்து போகும். மேலே பச்சை கோட்டிங் நன்றாக இருப்பது போலவே தெரியும், நகத்தால் சுரண்டினால் அடியில் செம்பு இருக்காது, கறுப்புத் தூள்தான் வரும். பக்கத்து சால்டர் புள்ளிகள் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகியிருக்கும். அயர்ன் வைத்தாலும் உருகாது.

செய்ய வேண்டியது இதுதான். பேட்டரியை வெட்டி வெளியே எடுங்கள். மளிகைக் கடை வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு வையுங்கள், நுரைக்கும். காரத்துக்கு அமிலம் மாற்று. நுரை அடங்கிய பிறகு டிஸ்டில்ட் வாட்டரால் கழுவி, ஐபிஏ ஊற்றித் துடைத்து, இரண்டு நாள் உலர விடுங்கள். அதற்குப் பிறகு மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து ஒவ்வொரு ட்ராக்காகப் பார்க்க வேண்டும். வினிகரோடு நிறுத்திவிட்டால் அந்த வினிகரே அரிக்க ஆரம்பிக்கும்.

மெஷின் ஓடுகிறது, பேட்டரி இன்னும் ஒழுகவில்லை என்றால்? இன்றைக்கே வெட்டி எடுங்கள். தேதி தப்பாகக் காட்டினால் காட்டட்டும். பின்னால் வந்த சிஆர் 2032 பொத்தான் பேட்டரி இவ்வளவு மோசம் இல்லை.

பிபிசி மைக்ரோ நல்லா ஓடிட்டிருந்துச்சு. திடீர்னு பட்டுன்னு சத்தம், ஒரே புகை. அவ்வளவுதானா?

கவலைப்படாதீர்கள், இது அனேகமாக எல்லா பிபிசியும் ஒரு நாள் செய்வது. மெயின்ஸ் இரைச்சலை வடிகட்ட பவர் சப்ளையில் ரிஃபா கம்பெனியின் பேப்பர் கெபாசிட்டர் இருக்கும். கண்ணாடி மாதிரி மஞ்சள் எபாக்சி உடம்பு. வருஷம் ஆக ஆக எபாக்சியில் நூல் நூலாக வெடிப்பு விழும், அதன் வழியே உள்ளே காகிதம் ஈரம் குடிக்கும். பிறகு ஒரு நாள் 230 வோல்ட் தாங்காமல் வெடிக்கும். நாற்றம் இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகாது. ஆனால் மெஷினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, புகை வந்துகொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

மாற்றும்போது எக்ஸ்2 என்று அச்சிட்ட 275 வோல்ட் ஏசி பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர்தான் போட வேண்டும். கடைக்காரர் "400 வோல்ட் இருக்கு, இதைப் போடுங்க" என்று சாதாரண டிசி கெபாசிட்டரைக் கொடுத்தால் வாங்காதீர்கள். லைனிலிருந்து எர்த்துக்குப் போகும் இடத்தில் ஒய்2 வகை. வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் அதோடு பார்த்துவிடுங்கள்.

கமடோர் 64ல ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கு. அடாப்டர்ல வோல்டேஜ் வருதே?

எவ்வளவு வருகிறது? அந்த அடாப்டர் செங்கல் கனத்தில் இருப்பதற்குக் காரணம், உள்ளே எபாக்சியை ஊற்றி மூடியிருப்பதுதான். சூடு வெளியேற வழியில்லை. உள்ளே இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் கெடும்போது குறைத்துக் கொடுக்காமல் கூட்டிக் கொடுக்கும். முதலில் போவது ரேம், கூடவே பிஎல்ஏ என்ற ஐசி. அந்த பிஎல்ஏ சாதாரணமாகவே கை சுடுகிற அளவுக்குச் சூடாகும் ஆள்.

என் தீர்ப்பு: ஒரிஜினல் அடாப்டரை ஷோகேஸில் வையுங்கள், மெஷினுக்குக் கொடுக்காதீர்கள். 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தரும் புது அடாப்டர் ஒன்றைக் கட்டிக்கொள்வது பெரிய வேலை இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230ல் சொருகினால் அதோடு முடிந்தது. படமும் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறை, பழைய இந்திய டிவியில் உருளும். வளைகுடா எம்எஸ்எக்ஸ்ஸிலும் பின்பக்க லேபிளைப் படியுங்கள், சவுதியில் 127 வோல்ட் வீடுகளும் இருந்தன.

ஸ்பெக்ட்ரம்ல கோடு கோடா, கட்டம் கட்டமா வருது. கீயும் பாதி வேலை செய்யல.

இரண்டும் தனித்தனி நோய். சுகமான ஸ்பெக்ட்ரம் என்றால் சில நொடியில் 1982 சின்க்ளேர் ரிசர்ச் என்ற காப்பிரைட் வரி வரும். கட்டம் கட்டமாக நின்றுவிட்டால் கீழ் ரேமைச் சந்தேகப்படுங்கள். 4116 என்ற எட்டு ஐசிக்கள். இவற்றுக்கு 5, 12, மைனஸ் 5 என்று மூன்று வோல்டேஜ் வேண்டும். மைனஸ் 5 நின்றுபோய் 12 மட்டும் வந்துகொண்டிருந்தால் ரேம் வரிசையாகக் காலி. இந்த வோல்டேஜ்களைத் தயாரிக்கும் இடத்தில் டிஆர்4 என்ற சின்ன டிரான்சிஸ்டர் இருக்கிறது, பெரும்பாலும் பழி அதன் மேல்தான் விழும். அதைக் கொல்வது யார் என்றால், பின்பக்க கனெக்டரில் ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸை ஆன் செய்தபடியே சொருகிப் பிடுங்கின பிள்ளைகள். முதலில் டிஆர்4ஐயும் வோல்டேஜையும் சரி செய்யுங்கள், அதற்குப் பிறகு ரேம். தலைகீழாகச் செய்தால் புது ரேமும் போகும்.

48 கே மாடலின் மேல் ரேமில் ஒரு வேடிக்கை உண்டு. பாதி பழுதான 64 கிலோபிட் சிப்களை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினார்கள். அந்தப் 'பழுதான' சிப்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கீபோர்டு கோளாறு மெம்பிரேனின் வால். ரெகுலேட்டர் சூட்டில் காய்ந்து, மூடியைத் திறந்தவுடன் முறியும். புது மெம்பிரேன் இன்றும் தயாரிக்கிறார்கள். செல்லோடேப் வைத்தியம் வேண்டாம்.

அடாப்டரில் 9 என்று போட்டு 13 காட்டுகிறதே என்று பயப்படுகிறவர்களுக்கு: லோடு இல்லாமல் அளந்தால் அப்படித்தான் காட்டும். ஆனால் நடுமுனை மைனஸ் என்பதை மறந்து வேறு அடாப்டர் சொருகாதீர்கள்.

எந்த ரேம் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பத்து நிமிஷம் ஓடவிட்டு, பவரை நிறுத்திவிட்டு, விரல் நுனியை ஒவ்வொன்றின் மேலும் வையுங்கள். எட்டில் ஒன்று மட்டும் கொதித்தால் அதுதான். எதுவும் தெரியவில்லை என்றால் நல்ல சிப் ஒன்றைச் சந்தேகப்படும் சிப்பின் முதுகில் கால் கால் பொருந்த ஏற்றி வைத்து ஆன் செய்யுங்கள். படம் மாறினால் ஆள் சிக்கினான். ஷார்ட் ஆன சிப்பை இந்த முறை காட்டிக்கொடுக்காது, முழுசாக ஓய்ந்ததைத்தான் காட்டும்.

கழற்றும்போது சிப்பைக் காப்பாற்ற நினைத்து போர்டைக் கெடுக்காதீர்கள். சிப்பின் காலை வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாக 25 வாட் அயர்னும் சக்கரும் (உருகின சால்டரை உறிஞ்சும் பம்பு) வைத்து எடுத்து, அந்த இடத்தில் சாக்கெட் போடுங்கள்.

ஐசியை எல்லாம் ஒரு தடவை அமுக்கி விட்டாலே சரியாயிடும்னு சொல்றாங்களே?

பல சமயம் உண்மைதான். சூடும் குளிருமாக மாறி மாறி, சாக்கெட்டிலிருந்து ஐசி மெல்ல மேலே ஏறும். அமுக்குவதை விட எடுத்துத் துடைத்து மாட்டுவது நல்லது. டபிள்யூடி-40 அடிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டும்.

எக்ஸ்டி பிசியில ஃபேன் ஒரு சுத்து சுத்தி நின்னுடுது.

பெரும்பாலும் 12 வோல்ட் லைனில் டான்டலம் கெபாசிட்டர் ஷார்ட். கடுகு நிறத்திலோ ஆரஞ்சிலோ சொட்டு மாதிரி இருக்கும். கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்தப் போர்டில் என்று தெரிந்துவிடும். திரும்ப மாட்டும்போது பவர் கனெக்டர் இரண்டிலும் கறுப்பு வயர்கள் நடுவில் சேர வேண்டும். மாற்றிச் சொருகினால் மதர்போர்டுக்குக் காரியம் செய்ய வேண்டியதுதான்.

ஃப்ளாப்பி, கேசட், ஹார்ட் டிஸ்க்கில இருக்கிறதை எடுக்க முடியுமா?

கேசட்தான் ஆச்சரியம், பெரும்பாலும் எடுக்க முடிகிறது. டேப் ரெக்கார்டரின் ஹெட் பக்கத்துச் சின்ன ஸ்க்ரூவை, சத்தம் கணீரென்று வரும் வரை லேசாகத் திருப்பி, அதை லேப்டாப்பில் ஒலியாகப் பதிவு செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஃப்ளாப்பியை டிரைவில் போடும் முன் வெளிச்சத்தில் பிடித்து வட்டைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அப்படியே போட்டால் அந்த டிஸ்க்கும் கீறும், ஹெட்டும் அழுக்காகும், அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கும் போகும். ஏற்காட்டு ஃப்ளாப்பிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். ஐபிஏ தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, உலர்த்தி, ஒரே தடவையில் படித்துக் காப்பி எடுத்துவிட வேண்டும்.

சீகேட் எஸ்டி-225 மாதிரி 20 எம்பி டிஸ்க்குகளில் ஹெட்டை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். உலோகம் சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும், ட்ராக்கின் இடம் கொஞ்சம் தள்ளும். சேலத்துக் கோடையில் எழுதினதை ஏற்காட்டு மார்கழிக் காலையில் ஆன் செய்தவுடன் படிக்கச் சொன்னால் எரர் காட்டும். அரை மணி நேரம் சும்மா சுற்றவிட்டுப் பிறகு படியுங்கள். மலையில் ஏற்றி இறக்கும் முன் பார்க் கமாண்ட் கொடுத்து ஹெட்டை ஒதுக்கிவிடுங்கள்.

மானிட்டர்ல சர்ருனு சத்தம் வருது. திறக்கலாமா?

நீங்கள் திறக்கக் கூடாது. கலர் டியூபில் 25,000 வோல்ட் வரைக்கும் இருக்கும், ப்ளக்கைப் பிடுங்கினாலும் டியூபில் தங்கும். பழைய டிவி மெக்கானிக் யாராவது தெருவில் இன்னும் இருந்தால் அவரிடம் கொண்டு போங்கள். எல்ஓடியில் (டியூபுக்கு அந்த ஹை வோல்டேஜ் தரும் டிரான்ஸ்பார்மர்) ஈரமும் தூசியும் சேர்ந்தால் அந்தச் சத்தம் வரும் என்று பார்க்காமலே சொல்லுவார்.

சிப்புக்கு மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பிச்சுடலாமா?

பிய்க்காதீர்கள். அடியில் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அது ஈப்ராம், மெஷினின் ப்ரோக்ராம் எழுதி வைத்த சிப். புற ஊதாக் கதிர் பட்டால் எழுதினது அழியும். நேரடி வெயிலில் ஒரு வாரம் போதும், டியூப் லைட்டில் மூன்று வருஷம் ஆகும் என்று சிப் கம்பெனிகளே எழுதியிருக்கின்றன. பழைய மெஷின் கையில் வந்தால் ஈப்ராமை ரீடரில் படித்து ஒரு காப்பி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மஞ்சளா ஆயிடுச்சு, வெளுக்க வைக்கலாமா?

ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சரக்கும் வெளிச்சமும் சேர்ந்து செய்கிற வேலை அது. பியூட்டி பார்லரில் முடிக்குப் போடும் 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைத் தடவி, பிளாஸ்டிக் ஷீட் சுற்றி, மொட்டை மாடியில் வைத்தால் நம் வெயிலுக்கு ஒரே பகலில் வெளுக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். திட்டுத் திட்டாக வெளுத்துவிடும் அபாயம் உண்டு, சில வருஷத்தில் மஞ்சளும் திரும்பும். எனக்கு அந்த மஞ்சளில் பெரிய குறை தெரியவில்லை. தின்னர், பெட்ரோல் தொட்டுத் துடைக்கிறவர்களைத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. அது பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

கெபாசிட்டர், 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்), சாக்கெட், வயர் எல்லாம் சேலத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலேயே கிடைக்கும். 74 வரிசை ஐசிக்கும் பழைய ரேமுக்கும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ பெங்களூர் எஸ்.பி. ரோடோ போக வேண்டும். ஸ்பெக்ட்ரமின் யூஎல்ஏ, கமடோரின் பிஎல்ஏ, சிட் (ஒலி சிப்) மாதிரி அந்தந்தக் கம்பெனி தனக்கென்று செய்துகொண்ட சிப்கள் கடையில் வராது. இன்னொரு செத்த மெஷின்தான் அதற்குக் கடை. ஆன்லைனில் புதுசு என்று மலிவாக வருவதில் பழைய சிப்பைச் சுரண்டி மறு எழுத்து அச்சடித்தது நிறைய.

போர்டுல தங்கம் இருக்காமே? எங்க தெருவுலயே வெள்ளிப் பட்டறை இருக்கு, உருக்கித் தருவாங்களா?

இருப்பது கனெக்டர் விளிம்பில் காகிதத்தை விட மெல்லிய முலாம். ஒரு போர்டுக்கு வருவது ஆசிட் செலவுக்குக் கட்டாது. நைட்ரிக் ஆசிட் புகையோடு சால்டரின் ஈயமும் சேரும், வீட்டில் குழந்தைகள் இருக்கிற தெரு. பட்டறைக்காரரே வேண்டாம் என்றுதான் சொல்லுவார்.

எமுலேட்டரே இருக்கும்போது இவ்வளவு பாடு எதுக்கு?

கேம் மட்டும் விளையாட வேண்டும் என்றால் எமுலேட்டரே (பழைய மெஷினைப் போல லேப்டாப்பில் நடிக்கும் சாஃப்ட்வேர்) போதும், செலவும் இல்லை. அப்பா ஓட்டின மெஷின் ஓட வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்குத்தான் இந்தப் பக்கம்.

சரி பண்ணியாச்சு. இனிமே எப்படி வச்சுக்கணும்?

மாதம் ஒரு முறை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், கெபாசிட்டருக்கு அது மருந்து. சித்திரை, வைகாசியில் மத்தியானம் வேண்டாம், ராத்திரி ஓட்டுங்கள். இடி இறங்கும் சாயங்காலங்களில் ஸ்விட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கையே பிடுங்க வேண்டும். ஏற்காட்டில் இதை ஆன்டெனா வயருக்கும் சேர்த்துச் செய்யுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் வீதியில் இருந்தால், வந்தவுடன் ஐந்து நிமிஷம் பொறுத்து ஆன் செய்யுங்கள், முதலில் வருவது எப்போதும் ஏறி இறங்கித்தான் வரும். சேலத்தில் பரணுக்குப் பதில் கட்டிலுக்கு அடியில் வையுங்கள். ஏற்காட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடின டப்பாவில் வைத்து, ஜெல் நிறம் மாறும்போதெல்லாம் வறுத்துத் திரும்பப் போடுங்கள். மேலே போர்த்துவதற்குப் பருத்தித் துணி, பாலிதீன் கவர் கூடாது. பல்லி நுழையும் ஓட்டைகளில் கொசுவலைத் துண்டை வெட்டி உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், காற்றும் போகும்.